பசுமை வளாகமும் வெலிவாடாவும்



ரோஹித் வெமுலா நம்மை விட்டுப் போய் இன்றோடு பத்து ஆண்டுகள் ஆகின்றன. 2016 ஜனவரி 17. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் கூடுகிறோம். கல்வி நிலையங்களில் சாதி என்ற தலைப்பில் ஒருவர் பேசுவார், கண்டனத் தீர்மானம் போடுவோம், கலைவோம். இந்த ஆண்டு வேறு ஒன்றைப் பேசலாம் என்று அமைப்புத் தோழர்கள் கேட்டார்கள். நம் பகுதியில் பெரிய கல்வி வளாகம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அது சாதாரண வளாகமாக இருக்காதாம். சூரிய மின்சாரம், மழைநீர்க் குளங்கள், கழிவு வெளியேறாத கட்டடங்கள் கொண்ட பசுமை வளாகமாம். புயலும் வெள்ளமும் உப்புநீரும் மாறிமாறி வரும் இந்த டெல்டாவில் அப்படி ஒன்று வருவதை நாம் வரவேற்க வேண்டுமா, எதிர்க்க வேண்டுமா என்பதே கேள்வி. ரோஹித்தின் நினைவு நாளில் இதைப் பேசுவது பொருத்தமா என்று ஒரு தோழர் கேட்டார். நம் பதில் அவரிடமிருந்தே தொடங்குகிறது.

விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே கடைகள் இருக்கும் பகுதியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அம்பேத்கர் படத்தை வைத்தார்கள். அந்த இடத்துக்கு வெலிவாடா என்று பெயரிட்டார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் குடியிருப்பு, நம் வழக்கில் சேரி. 2,000 ஏக்கருக்கு மேல் பரந்த, பாறைகளும் ஏரிகளும் மான்களும் உள்ள ஒரு வளாகத்தில் ஐந்து பேர் படுக்க இடமில்லாமல் போனது. அந்த ஐவரில் ஒருவர்தான் ரோஹித்.

அதே வளாகம் கடந்த ஆண்டு மீண்டும் செய்தியில் வந்தது. 2025 மார்ச் இறுதியில் அதை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியில் 400 ஏக்கரில் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் அரசுடையது என்றது மாநில அரசு. மாணவர்கள் மறித்தார்கள், தடியடி வாங்கினார்கள், கைதானார்கள். ஏப்ரல் 3இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு மரம் வெட்டுவதை நிறுத்தியது. நல்லது. அந்தப் போராட்டம் நம்முடையதும்கூட. ஆனால் மானுக்காகவும் மயிலுக்காகவும் அன்று நாடெங்கும் எழுந்த குரல்களில் எத்தனை, வெலிவாடாவுக்காக எழுந்தவை? இதைக் குத்தலாகக் கேட்கவில்லை. ஒரு வளாகத்தின் மரமும் மனிதரும் ஏன் இரண்டு தனித்தனிக் கணக்குகளாக இருக்கின்றன என்பதே நாம் கேட்பது.

இந்தியாவில் இன்று பசுமை வளாகம் என்றால் எல்லோரும் கைகாட்டும் இடம் பிகாரின் ராஜ்கிர். நாளந்தா பல்கலைக்கழகம். 2010இல் நாடாளுமன்றச் சட்டம், 2014 செப்டம்பரில் 15 மாணவர்களோடு வகுப்புத் தொடக்கம், 2024 ஜூன் 19இல் புதிய வளாகத் திறப்பு. மொத்தம் 455 ஏக்கர். வடிவமைப்பு பி.வி. தோஷியின் நிறுவனம். ஏறத்தாழ 100 ஏக்கர் நீர்நிலைகள். சூரிய மின்நிலையம், குடிநீர் சுத்திகரிப்பு, கழிவுநீரை மறுபடி பயன்படுத்தும் நிலையம். இரட்டைச் சுவர் கட்டி இடையில் காற்றை நிறுத்தி வெப்பத்தைத் தடுக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தை முதலில் உறிஞ்சிவிட்டு, பிறகு நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறார்கள். நிகர பூஜ்ய உமிழ்வு என்பது இலக்கு.

இதைப் பாராட்டத் தயங்கக் கூடாது. தென் பிகார் வறட்சியும் வெப்ப அலையும் தாக்கும் பகுதி. கோடையில் அங்கே வெயிலுக்கு மனிதர்கள் சாகிறார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சிக் குடிக்காமல், பெய்யும் மழையைப் பிடித்து வைத்து வாழும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும்தான். கண்ணாடிச் சுவர் எழுப்பி, குளிர்சாதனத்தை முடுக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து பருவநிலை மாற்றம் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிற நம் ஊர்க் கல்லூரிகளுக்கு இது எவ்வளவோ மேல்.

அந்தக் குளங்களுக்கு முன்மாதிரி ஆஹர்-பைன் என்னும் மகதப் பகுதியின் பழைய பாசன முறை. அங்கே நிலம் தெற்கே மேட்டிலிருந்து வடக்கே கங்கையை நோக்கிச் சரிகிறது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அதனால் மூன்று பக்கம் கரை எழுப்பி, சரிவில் வரும் நீரைத் தேக்கினார்கள். அது ஆஹர். ஆற்றிலிருந்து வெட்டிக் கொண்டுவரும் கால்வாய் பைன். கால்வாயைத் தூர்வார ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு கோவாம் என்று பெயர். நம் குடிமராமத்தைப் போல.

குடிமராமத்து என்ற சொல் இப்போது நம் அரசுத் திட்டங்களில் இனிக்கிறது. ஊரே ஒன்றுகூடி ஏரியைக் காத்த பொற்காலம் என்று எழுதுகிறார்கள். சமூகவியல் படித்த நமக்கு அந்த ‘ஊர்’ என்ற சொல்லில் ஒரு சந்தேகம் உண்டு. ஊரில் சேரி அடக்கமா? மண் வெட்டும் நாளில் அடக்கம், தண்ணீர் பங்கிடும் நாளில் இல்லை. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒரு சட்டம் போட்டார்கள். கரை உடையும் ஆபத்து வந்தால் உழைப்பாளிகளை அழைத்து வேலை வாங்கலாம், மறுத்தால் தண்டிக்கலாம். மரபு என்று சொல்லப்பட்டதற்குப் பின்னால் எவ்வளவு கட்டாயம் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. தென் மாவட்டங்களில் கண்மாய் மடை திறந்து வயல்வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் நம்மவர். தண்ணீரின் நுட்பம் முழுவதும் அவர்கள் கையில், தண்ணீர் பாயும் நிலம் மட்டும் வேறு கையில்.

மகதத்திலும் இதே கதைதான். அங்கே மண்வேலைக்குப் பேர்போன சாதி பூயியான். முசகர் என்றும் அழைக்கப்படுகிறார்கள். நிலவுடைமையாளரிடம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு ஏரோட்டிய கமியாக்களில் பெரும்பாலோர் இவர்கள். வரலாற்றாய்வாளர் கியான் பிரகாஷ் 1990இல் இவர்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார், மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிகாரின் முசகர்களில் எழுத்தறிவு பெற்றோர் 9 சதவீதம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ராஜ்கிர் மலைத்தொடரைப் பாருங்கள். அந்த மலைத்தொடர் நீளும் கயா மாவட்டத்தில் கெஹ்லோர் என்ற ஊர் இருக்கிறது. முசகர் சாதியில் பிறந்த தசரத் மாஞ்சி அங்கேதான் சுத்தியலும் உளியும் கொண்டு 1960 முதல் 1982 வரை 22 ஆண்டுகள் தனியாளாக மலையைக் குடைந்து வழி போட்டார். திரைப்படம் வந்தபோது அதைக் காதல் கதை என்று நாம் எல்லோரும் கண்கலங்கிப் பார்த்தோம். ஒரு குடியிருப்புக்கு மருத்துவமனை போக வழியில்லை, வழி கேட்டால் போட்டுத்தர அரசு இல்லை என்ற கதையும் அதுவே.

மலையின் ஒரு பக்கம் மண்ணையும் கல்லையும் நீரையும் அறிந்த மக்கள். மறு பக்கம் மண்ணையும் கல்லையும் நீரையும் ஆராயும் பல்கலைக்கழகம். வளாகம் திறந்தபோது வெளியிடப்பட்ட குறிப்பில் 40 வகுப்பறை, 1,900 இருக்கை, 550 மாணவருக்கான விடுதி, 2,000 பேர் அமரும் திறந்தவெளி அரங்கு என்று எண்கள் வரிசையாக இருந்தன. இதில் தவறேதும் இல்லை. ஆனால் எந்தப் பசுமை வளாகமானாலும், நம் ஊரில் வரப்போவதும் சேர்த்து, சொல்ல மறக்கிற எண்கள் சில உண்டு. எத்தனை கூலி நாட்கள் அந்த நிலத்தோடு போயின? சுற்றியிருக்கும் சேரிகளிலிருந்து எத்தனை பேர் அங்கே படிக்கிறார்கள்? எத்தனை பேர் பெருக்குகிறார்கள்? பெருக்குகிறவர்கள் மதியச் சோற்றை எங்கே உட்கார்ந்து உண்கிறார்கள்? நிகர பூஜ்யம் என்ற கணக்கில் கரி வருகிறது, உடம்பு வருவதில்லை. கட்டடம் குளிர்ச்சியாக இருக்கும் என்பதற்காக அதைக் கொளுத்தும் வெயிலில் கட்டியவர் யார் என்பதும் கணக்கில் வராது. நம் தமிழ்நாட்டு வளாகங்களின் சாரங்களில் நிற்பவர்களில் பிகாரிலிருந்து வந்த தலித் தொழிலாளர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். இதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பசுமைக் கட்டடக் கலைஞர்கள் இதைப் பேசி நாம் கேட்டதில்லை. கழிவுநீர் வெளியேறாத வளாகம் என்கிறார்கள். கழிவுநீர் வெளியேறவில்லை என்றால் அது உள்ளே தொட்டியில் இருக்கிறது. தொட்டியில் கசடு படியும். மோட்டார் அடைத்துக்கொள்ளும். அப்போது மூடியைத் திறந்து ஒருவர் இறங்குவார். அவர் எந்தச் சாதி என்று இந்த அவையில் சொல்லத் தேவையில்லை. 2013 சட்டம் இதைத் தடை செய்கிறது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இது வரைபடத்திலேயே தீர்க்கக்கூடிய விஷயம். மோட்டாரைத் தண்டவாளம் போன்ற வழிகாட்டிக் கம்பிகளில் பொருத்திச் சங்கிலியால் மேலே தூக்கிப் பழுதுபார்க்கலாம். கசடை மேலிருந்தே உறிஞ்சி எடுக்கும்படி தொட்டியின் அடியைச் சரிவாக அமைக்கலாம். ஆள் நுழைய முடியாத அளவுக்குத் திறப்பை வைக்கலாம். இவை எதுவும் புதிய தொழில்நுட்பம் அல்ல. ஒரு மனிதன் இறங்க வேண்டியிராத தொட்டியைக் கட்டாத வளாகத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடையாது என்று ஒரு விதி வரட்டுமே. பார்க்கலாம், எத்தனை சான்றிதழ்கள் மிஞ்சும் என்று.

எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்களே, உங்களுக்கு வளாகம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நம்மிடம் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, நாம்தான் அதை இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை.

1950இல் அண்ணல் அம்பேத்கர் தம் மக்கள் கல்விக் கழகத்தின் கல்லூரியை ஔரங்காபாத்தில் தொடங்கினார். பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி 1946லேயே வந்துவிட்டது. அடுத்த கல்லூரியைப் பூனாவிலோ நாக்பூரிலோ வைத்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது மராத்வாடா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி, வறட்சி அடிக்கடி வந்து தங்கும் நாடு. 1972 பஞ்சத்தை அது கண்டது. 2016இல் அதன் லாத்தூர் நகரத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். அம்பேத்கர் அங்கே போன காலத்தில் அது நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்திலிருந்து விடுபட்டு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. பகுதிக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இல்லை, உஸ்மானியாவைத்தான் நம்ப வேண்டும். இயற்கையாலும் ஆட்சியாலும் சாதியாலும் ஒருசேர வறண்ட இடம். அங்கேதான் கல்லூரி வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அந்தக் கல்லூரிக்கு மிலிந்த் என்ற பெயர் வந்தது. வளாகத்துக்கு நாகசேனவனம். பௌத்தம் அறிந்த தோழர்களுக்குத் தெரியும், மிலிந்தன் கேள்வி கேட்ட கிரேக்க அரசன், நாகசேனர் பதில் சொன்ன பிக்கு. கேட்டவன் பெயர் கட்டடத்துக்கு, பதில் சொன்னவர் பெயர் மண்ணுக்கு. அதிலும் ‘வனம்’ என்று வைத்திருக்கிறார். வறட்சிப் பகுதியில் ஒரு வனம். சூரியத் தகடும் சான்றிதழும் இல்லாத காலம்.

அந்த வளாகத்திலிருந்து என்ன விளைந்தது என்பது இலக்கிய அமைப்பான நமக்குத் தெரிய வேண்டும். மராத்வாடாக் கிராமங்களிலிருந்து முதல் தலைமுறையாக வந்த மகர் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அங்கே ஆசிரியராக இருந்த கங்காதர் பந்தாவணே நடத்திய ‘அஸ்மிதாதர்ஷ்’ இதழ் 1960களின் இறுதியிலிருந்து ஒரு தலைமுறை தலித் எழுத்தாளர்களை வளர்த்தது. இன்று நாம் தலித் இலக்கியம் என்று சொல்லும் சொல்லின் வேர்களில் ஒன்று அந்த வனத்தில் இருக்கிறது. பின்னர் அதே நகரத்தில் 1958இல் வந்த மராத்வாடாப் பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டபோது, தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். 16 ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1994 ஜனவரி 14இல்தான் பெயர் ஏறியது. ஒரு வளாகத்தின் பெயர்ப்பலகைக்கே அவ்வளவு விலை. அதன் நிலம், நீர், நிர்வாகம் பற்றிக் கேட்டால் என்ன விலை கேட்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நம் ஊர்.

இந்த மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி வளாகம் எழுந்தது. பெயர் வேண்டாம். இரண்டு போகம் விளைந்த நிலம். நிலம் கொடுத்தவர்கள் பணம் பெற்றார்கள், வெளியேறி நகரத்தில் வீடு கட்டினார்கள். அந்த வயல்களில் நடவு நட்டு, களை பறித்த பெண்களுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலமில்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. கையகப்படுத்தாமல் விலைக்கு வாங்கிவிட்டால் அந்தப் பேச்சே எழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண்களில் சிலர் இப்போது அதே இடத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் பெருக்குகிறார்கள். பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

அதைவிட முக்கியமானது மண். வெள்ளத்துக்குத் தப்ப வேண்டும் என்று வளாகத்துக்கு ஓராள் உயரம் மண் அடித்தார்கள். குறுக்கே ஓடிய வடிகால் வாய்க்காலைக் குழாய்க்குள் அடக்கினார்கள். தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டுமே. டெல்டாவில் மேடு ஊருக்கு, பள்ளம் சேரிக்கு என்பது பழைய ஏற்பாடு. ஒரு வடகிழக்குப் பருவமழையில் நாங்கள் அந்தத் தெருவுக்குப் போனபோது முழங்கால் அளவு தண்ணீர். ஒரு அக்கா சொன்னார்: “முன்னெல்லாம் ரெண்டு நாள்ல வடிஞ்சிரும் தம்பி. இப்ப பத்து நாளு நிக்கிது. கட்டில் மேல அடுப்ப வச்சி ஆக்குறோம்.” வளாகத்துக்குள் அதே வாரம் காலநிலை மாற்றம் குறித்துப் பயிலரங்கு நடந்தது. சுவரொட்டி வாசலில் இருந்தது. அழைத்திருந்தால் அந்த அக்கா நன்றாகவே பேசியிருப்பார்.

இதனால் வரப்போகும் வளாகத்தை எதிர்க்க வேண்டும் என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அதில் உடன்படவில்லை. 44 உயிர்களைக் கொளுத்திய வெண்மணியின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகம் வீட்டு வாசலில் வேண்டும். நெல்வயல் புனிதம், அதைத் தொடாதே என்ற கூச்சலிலும் நமக்குப் பங்கில்லை. அந்தப் புனித வயலில் நம்மவர் கூலிதான். நாம் கேட்பது, வளாகம் எந்த மட்டத்தில் நிற்கும் என்பது. சுற்றியுள்ள சேரியின் தரைமட்டத்தையும் வெள்ள மட்டத்தையும் அளந்து, வளாகத்தின் மேடு அந்தத் தெருவுக்குள் ஒரு அங்குலத் தண்ணீரைக்கூடத் தள்ளாது என்று காட்டிய பிறகே வரைபடம் ஒப்புதல் பெற வேண்டும். மண் அடிப்பதற்குப் பதில் தூண் மேல் கட்டலாம், செலவு கூடும்தான். குளம் வெட்டினால் அதன் தண்ணீரில் தெருவுக்கும் பங்கு வேண்டும். 2023இல் நிறைவேறிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட சிறப்புத் திட்டங்களுக்கு நீர்நிலைகளையும் சேர்த்து நிலம் தருகிறது, அந்த வழியில் இது வருகிறதா என்பதையும் கண்காணிக்க வேண்டும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16இல் கரை கடந்தபோது நம் தெருக்கள் எங்கே ஓடின என்று நினைத்துப் பாருங்கள். ஓட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு. சில இடங்களில் அங்கேயும் தனி அறை, தனிப் பந்தி. அரசுப் பணத்தில் பெரிய அரங்கு கட்டுகிறார்கள் என்றால், புயல் நாளில் அதன் கதவு எல்லோருக்கும் திறக்கும், ஒரே அடுப்பில் சோறு பொங்கும் என்று எழுத்தில் வேண்டும். தூய்மைப் பணி ஒப்பந்தக்காரரிடம் போகாமல் நிரந்தரப் பணியாக வேண்டும், அந்தப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கு அங்கேயே படிக்க வழி வேண்டும். கழிவுத் தொட்டியைப் பற்றி முன்பே சொன்னோம். நிர்வாகக் குழுவில் சுற்றுச்சூழல் நிபுணருக்கு நாற்காலி போடுவார்கள். அதே மேசையில் விவசாயத் தொழிலாளிப் பெண் ஒருவருக்கும் நாற்காலி வேண்டும். இதைச் சொன்னால் அதிகாரிகள் சிரிப்பார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். சிரிக்கட்டும். எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் வடியும் என்று அந்த மேசையில் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இவற்றை மனுவாக எழுதியிருக்கிறோம். மாணவர்கள் மூவர் நான்கு சேரிகளில் வெள்ள மட்டக் குறிகளை வீட்டுச் சுவர்களில் அளந்து வரைபடம் போட்டுத் தந்திருக்கிறார்கள், அதையும் இணைத்திருக்கிறோம். இன்னும் ஆறு தெருக்கள் பாக்கி. அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகிறோம், அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும் இருக்கிறது, ஆள்தான் வேண்டும். மனுவின் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.